ரெண்டாம் தண்ணியன்று சாய்ந்த சந்து

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, மயிலாப்பூர் தாமரைக்கேணிச் சந்து தெற்குப் பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்தது. பதினொன்று எண்ணுகிற நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பிறகு நிமிர்ந்துகொண்டது. குழாயில் தண்ணீர் வந்திருந்தது, மின்சாரம் இருந்தது, வேறு குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. மூன்றாம் நம்பர் வாசலில் இறக்கி வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் உருண்டு எதிர்வரிசை எட்டாம் நம்பருக்குப் போனது. எட்டாம் நம்பர்க்காரர்கள் அதைத் திருப்பித் தரவில்லை என்பது தனிக் கதை. ஸ்டாண்டு போட்டிருந்த இரண்டு ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிற அஸ்மத்துன்னிசா வீட்டில், ஆறு கிண்ணங்களில் ஆறு நிறமாக இருந்த மணிகள் தரையில் கொட்டி ஒன்றாகக் கலந்தன. பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணியின் இரண்டாவது காபி, டபராவை விட்டு பேப்பரின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. சந்தில் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்திருக்காமல் புரண்டு படுத்தது.

லஸ் பக்கம் சுரங்க ரயிலுக்குத் தோண்டுகிறார்களே, அதுதான் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். அங்கிருந்து மஞ்சள் தொப்பியோடு இரண்டு பேர் வந்து பார்த்து, அந்த வாரம் தங்கள் வேலை நடக்கவே இல்லை என்று பொறுமையாகச் சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இருந்த ஒரு மணி நேரமும் சந்து ஒழுங்காக இருந்தது. முனை திரும்பியதும் சாய்ந்தது. கோதண்டபாணி சும்மா இருக்கிற ஆசாமி இல்லை. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைக்கிற ரசமட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் உள்ள கட்டை அது. அதைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வாசற்படியில் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று குமிழி பதினேழு தடவை நகர்ந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் அசையவே இல்லை. "பூமிக்கும் மத்தியானத் தூக்கம் உண்டு போலிருக்கு" என்று அவர் சொல்ல, கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் தூங்குகிற ஆள் அவர் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்தது அவருக்குத் தோன்றவில்லை.

பின்கட்டில் குடியிருந்தது கபாலியின் குடும்பம். கபாலி மாநகர பஸ்ஸில் பத்தொன்பது வருஷமாகக் கண்டக்டர். மனைவி ஜெயலக்ஷ்மிக்கு மாடவீதியில் பூக்கடை. ஒரே பெண் மதுவந்தி, ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மனைவி கர்ப்பமாக இருந்த ஒரு மார்கழியில் பஸ் சிக்னலில் நின்றபோது, சபா வாசல் பலகையில் அந்தப் பெயரைப் படித்த கபாலி, அது ஒரு ராகம் என்று தெரியாமலே அதைப் பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒதுக்கி வைத்துவிட்டான். வீட்டில் வந்தி என்று கூப்பிட்டார்கள். அந்த மாசியில் பள்ளிக்கூடத்தில் சின்னம்மை சுற்றியது. வந்திக்கும் போட்டது. அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. பாய் முழுக்க வேப்பிலை. டாக்டர், ஊசி, மாத்திரை என்ற பேச்சே இல்லை. முன்கட்டில் கோதண்டபாணி வீட்டிலும் மரியாதைக்காகக் கடுகு பொரிக்காமல் ரசம் வைத்தார்கள். அஸ்மத்துன்னிசா தினம் இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாய் திறக்காமல் போனாள். அம்மை கண்ட வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அம்மாவும் போய்விட்டுத் திரும்பி வருவாள் என்பது அவளுக்கும் தெரியும். ஏழாம் நாள் வெயிலில் வைத்த வேப்பிலை மஞ்சள் தண்ணீரில் முதல் தண்ணி ஊற்றினார்கள். ஒன்பதாம் நாள் ரெண்டாம் தண்ணி. அந்த ஒன்பதாம் நாள்தான் மேலே சொன்ன வியாழக்கிழமை.

தண்ணி ஊற்றித் துடைத்து, புதுப் பாவாடை கட்டி, "உள்ள போடி கண்ணு" என்று ஜெயலக்ஷ்மி விட்டாள். வந்தி கால்களை அகல வைத்து, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஆடிக்கொண்டே நான்கு எட்டு வைத்தாள். ஜெயலக்ஷ்மிக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. தான் நின்ற தரையும் கூடவே சாய்ந்ததை அவள் அருள் என்றே எடுத்துக்கொண்டாள். அம்மா இன்னும் இறங்கவில்லை, உடம்பிலேயே நின்று ஆடுகிறாள், ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று முடிவானது. சாயங்காலம் கபாலி வந்ததும் குற்றமும் கிடைத்தது. நான்காம் நாள் டெப்போ கேன்டீனில் ஆம்லெட் சாப்பிட்டதை அவன் ஒப்புக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மறுநாளிலிருந்து மூன்று நாள், செருப்பில்லாமல் முண்டகக்கண்ணியம்மன் கோவிலுக்கு நடந்து போய்க் கூழ் ஊற்றினான். மூன்று நாளும் வந்தி ஆடினாள், சந்தும் ஆடியது. ஜனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அது தெரியாத ஒரே ஆள் கபாலி. பிரேக் போட்டாலும் பள்ளத்தில் இறங்கினாலும் கம்பியைத் தொடாமல் சீட்டுக் கிழித்தவனுக்குக் கால் தானாக அகன்று தானாகச் சமாளித்துக்கொண்டது. "இன்னா சாஞ்சுது? எனுக்கு ஒன்னியும் தெர்லியே" என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கால் கொஞ்சம் தடுக்கியிருந்தால் மூன்று நாள் வீணாகியிருக்காது என்று பிற்பாடு அவனே சொன்னான்.

கண்டுபிடித்தது அஸ்மத்துன்னிசா. கலந்துபோன மணிகளைப் பிரித்துக்கொடுப்பதில் வந்திக்கு ஈடில்லை, காய்ச்சலுக்கு முன் அதுதான் அவள் விளையாட்டு. குழந்தைக்குப் பொழுது போகட்டும் என்று தாம்பாளத்தில் மணிகளைக் கொண்டுவந்து வைத்தாள். வந்தி ஒரு சிவப்பு மணியை எடுக்க விரலை நீட்டினாள். பாதி தூரம் நேராகப் போன விரல், மணி கிட்டே வந்ததும் நடுங்க ஆரம்பித்து, மணியைத் தாண்டித் தாம்பாளத்தைத் தொட்டது. மறுபடி நீட்டினாள், மறுபடி தாண்டியது. எரிச்சலில் எழுந்து நின்றாள். அவள் நின்றதும் தரை சாய்ந்து, மணி எல்லாம் தாம்பாளத்தின் தெற்கு விளிம்புக்கு ஓடியது. முப்பது வருஷமாக ஊசி முனையையே பார்க்கிற கண் அது, இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டது.

"சாமிய நான் ஒன்னியும் சொல்லல ஜெயா. ஆனா அம்மா வந்து ஆடுனா கை இப்டி நடுங்காது. பேச்சும் கொழகொழன்னு கீது, கவனிச்சியா? கண்ணு ஒரு எடத்துல நிக்கல. இது வேற இன்னாவோ. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். மூணாம் தண்ணி ஊற்றாமல் வாசற்படி தாண்டக்கூடாதே என்று ஜெயலக்ஷ்மி இழுத்தாள். "தண்ணிய வந்து ஊத்திக்கலாம்" என்று சொல்லி, அஸ்மத்துன்னிசா தன் துப்பட்டாவிலேயே குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். ஆட்டோ எழும்பூர்ப் பக்கம் திரும்பிய நிமிஷத்திலிருந்து ஆறு நாள் தாமரைக்கேணிச் சந்து சாயவில்லை. அந்த ஆறு நாளும் சாய்ந்தது குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வார்டு. சலைன் ஸ்டாண்டுகள் உருண்டு போகாமல் இருக்க நர்ஸ்கள் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி, கட்டிலைப் பிடித்துக்கொண்டே வந்தியை நடக்கவிட்டுப் பார்த்தாள், மூக்கைத் தொடச் சொன்னாள், தலையைப் படம் எடுத்தாள். கேஸ் ஷீட்டில் நடை அகலம் என்று எழுதி, அதன் கீழே தரை சாய்வு என்றும் எழுதினாள். பெரிய டாக்டர்கள் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

"சின்னம்மை இறங்குற சமயத்துல சில குழந்தைங்களுக்குப் பின்மூளை வீங்கிடும்மா. கை கால் சமநிலையைப் பார்த்துக்கறது அந்த இடம்தான். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குக்கூட வராது, உங்க பொண்ணுக்கு வந்திருக்கு. யார் என்ன சாப்பிட்டாங்கங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்று டாக்டரம்மா கபாலியைப் பார்த்துச் சொன்னாள். ஆம்லெட் விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை என்று ஜெயலக்ஷ்மி பயந்துகொண்டே சொன்னாள். அது ஒன்று நல்லதாகப் போயிற்று, அம்மை சமயத்தில் குழந்தைக்கு ஆஸ்பிரின் ஆகவே ஆகாது என்றாள் டாக்டரம்மா. ஆனால் மூன்று நாள் காத்திருந்ததற்கு நன்றாகத் திட்டினாள். வலிப்போ மயக்கமோ சேர்ந்திருந்தால் அந்த மூன்று நாள் உயிரைக் கேட்டிருக்கும். முக்கால்வாசிக் குழந்தைகள் சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடுவார்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும், ஒன்றிரண்டு பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்றாள். காலையும் மாலையும் அரை மணி நடக்க வேண்டும், விழுந்தால் எழுந்து நடக்க வேண்டும், பயந்துகொண்டு உட்கார வைக்கக்கூடாது. இதை மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.

சந்துக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எதனால் சாய்கிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். வந்தி முதல் நாள் நடந்ததில் ஐந்தாம் நம்பர் மாமி வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இரண்டாம் நாள் அஸ்மத்துன்னிசா துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற மரச் சட்டம் கவிழ்ந்து, நாற்பது நாள் வேலை செய்த ரவிக்கை கிழிந்தது. லஸ் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் பத்துப் பேர் வரிசையாகச் செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்ததும், இனி வர வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். கடற்கரை மணலில் அந்தக் கால் நிற்கவே நிற்காது. கடைசியில் கைக்குழாய் அருகே சந்து ஜனங்கள் கூடினார்கள். குழந்தை குணமாகிற வரைக்கும் உள்ளேயே வைத்திருந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கெட்ட மனசோடு கேட்கவில்லை, அவரவர் எலும்பு அவரவருக்கு. ஜெயலக்ஷ்மி பூக்கடையிலிருந்து அப்படியே வந்து நின்றாள். அதிகம் பேசுகிறவள் இல்லை.

"உள்ள வெச்சா அது கால் மறந்துடும்னு டாக்டர் சொல்லிக்கீறாங்க. எம் பொண்ணு வுளுந்தா நான் புட்ச்சிக்குவேன். தெரு வுளுந்தா நீங்க புட்ச்சிக்கோங்க. அவ்ளோதான் கேக்கறேன்" என்றாள்.

அதிகம் இழந்தவள் முதலில் வாயைத் திறந்தாள். "சட்டத்த செவுத்துல ஆணி அட்ச்சி மாட்டிக்கறேன். இன்னா டைம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள் அஸ்மத்துன்னிசா. கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். "கார்த்தால ஏழு, சாயங்காலம் அஞ்சரை. கார்த்தால காபியை நான் அதுக்கு முன்னாடியே குடிச்சுடறேன். மாமியை மாவுக்கட்டோட ஆத்துலயே உக்கார வெச்சுடலாம்" என்றார். எட்டாம் நம்பர்க்காரர்கள் அன்று ராத்திரியே தண்ணீர் கேனைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தச் சந்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கைக்குழாயடியில் நின்றவர்களை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

ஏற்பாடு இப்படி நடந்தது. கபாலி இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். காலை ஏழுக்குச் சந்து முனையில் நின்று விசில் ஒன்று ஊதுவான், சாயங்காலம் அந்த வேலை கோதண்டபாணிக்கு. அடுப்பில் இருந்தது கீழே இறங்கும், ஸ்கூட்டர்கள் சுவரோடு சேரும், வயதானவர்கள் உட்காருவார்கள், மற்றவர்கள் கண்டக்டர் நிற்கிற மாதிரி காலை அகட்டி, இடுப்பை ஒரு சுவரிலோ கதவிலோ சாய்த்துக்கொள்வார்கள். எப்படி நிற்பது என்று கேட்டவர்களுக்கு அவன் காட்டினான். எல்லாம் தயார் என்றதும் இரட்டை விசில் ஊதி, "போலாம் ரைட்" என்பான். வந்தி நடப்பாள். சந்து சாயும். அவள் விழுந்தால், சந்தும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிற்கும். ஒற்றை விசில். எழுந்ததும் மறுபடி இரட்டை விசில். முதல் வாரத்தில் ஒரு காலையில் இருபத்திரண்டு தடவை விழுந்தாள். இருபத்திரண்டு தடவையும் தானே எழுந்தாள், முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்பாவைப் பார்ப்பாள், விசில் ஊது என்று. பெரியவர்களுக்கு அவ்வளவு நெஞ்சுரம் எங்கே இருக்கிறது? ஒரு காபி சிந்தினால் நாள் முழுக்கப் புலம்புகிறோம். கோதண்டபாணி ரசமட்டத்தைப் பார்த்துத் தினமும் வாசல் கேட்டில் சாக்கட்டியால் எழுதினார். நான்கு விரல். மூன்றேமுக்கால். மூன்று. பங்குனித் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் சந்து முழுக்கக் காலை அகட்டி நிற்பதைப் பார்த்து, ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்துத் தாங்களும் நின்றார்கள். சித்திரை பிறந்தபோது ஒரு விரல்.

அந்த ஒரு விரலில் நின்றுவிட்டது. பதினெட்டு நாள் சாக்கட்டி அதே எண்ணை எழுதியது. ஒன்றிரண்டு பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள். ஜெயலக்ஷ்மி பூத்தொடுக்கும்போது முழம் தப்பியது. பத்தொன்பதாம் நாள் காலையில் கபாலி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நின்றான். வேண்டுமென்றேதான். வந்தி ஒரு எட்டு வைத்தாள், சந்து ஒரு விரல் சாய்ந்தது, பத்தொன்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் விழாத மனுஷன் தடாலென்று தரையில் விழுந்தான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"இப்டியாடி கீது ஒனுக்கு? இம்மாம் நாளா இப்டியா கீது?"

"ஆமாம்ப்பா" என்றாள் வந்தி. பேச்சு அதற்குள் திருந்தியிருந்தது. "மொதல்ல பயமா இருக்கும். அப்பறம் எந்திரிக்கணும், அவ்ளோதான்." கையை நீட்டினாள். கபாலி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் ஏழு மணிக்கு ஒற்றை விசில். எல்லாம் இறங்கியது, எல்லோரும் சாய்ந்துகொண்டார்கள். இரட்டை விசில். வந்தி நடந்தாள். கைக்குழாயைத் தாண்டினாள், எட்டாம் நம்பரைத் தாண்டினாள், கடைசி வீட்டுச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். காலை அகட்டிக்கொண்டு, பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாய்வுக்காகச் சந்து முழுக்கக் காத்திருந்தது. சாயவில்லை. கோதண்டபாணி குனிந்து பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. வந்தி நடுச் சந்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் இன்னும் இப்படி நிக்கறீங்க?" என்று கேட்டாள். அஸ்மத்துன்னிசா வீட்டுக்குள் போய் மணித் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வந்தி ஒரு சிவப்பு மணியைச் சட்டென்று எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அந்த வாரமே நல்ல நாள் பார்த்து, பாக்கியிருந்த மூணாம் தண்ணியை ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா தரையில் கோடு போட்டு, குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னாள். வந்தி கோடு மாறாமல் நடந்தாள். பின்னாலேயே காலை அகட்டி அகட்டி வந்த அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டாள். இந்தச் சந்துக்காரர்களை இன்றைக்கும் மாடவீதிக் கூட்டத்தில் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்குப் பிறகு சந்திலிருந்த குழந்தைகளுக்கெல்லாம் சின்னம்மை தடுப்பூசி போட்டார்கள். ஆனால் வீடுகளுக்குப் புது ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. போன பங்குனியில் ஆதம்பாக்கத்திலிருந்து ஐந்தாம் நம்பர் மாடிக்குக் குடிவந்த குடும்பத்தில் சாய்சரண் என்ற நாலு வயதுப் பையனுக்கு அம்மை போட்டது. கீழ்வீட்டிலிருந்து வேப்பிலை போனது, அஸ்மத்துன்னிசாவின் இளநீர் போனது, கோதண்டபாணியின் ரசமட்டமும் போனது. இது எதற்கு என்று பையனின் அம்மா கேட்டாள். தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி ஜெயலக்ஷ்மி சொன்னாள்: "பாய்க்குப் பக்கத்துல வெச்சிடும்மா. ரெண்டாம் தண்ணிக்கு அப்பறம் புள்ள நடக்கச்சொல்ல கொமிழி நவுருதான்னு மட்டும் பாரு." அந்த அம்மாள் சிரித்துவிட்டு வைத்தாள். ஒன்பதாம் நாள் காலை பையன் பாயிலிருந்து எழுந்து ஒரு எட்டு வைத்தான். குமிழி நூலளவு நகர்ந்தது. மாடியிலிருந்து அவள் குரல் கேட்டதும் கீழே யாரும் கை கூப்பவில்லை, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரிக்கவில்லை. ஸ்கூட்டர்கள் சுவரோடு சேர்ந்தன, பாத்திரங்கள் கீழே இறங்கின, மாமி கட்டுப் பிரித்த கையோடு உட்கார்ந்தாள். சாய்கிற சந்தில் வந்தி ஆட்டோ பிடிக்க முனைக்கு நேராக ஓடினாள்.